பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும்: சட்டம் தரும் பாதுகாப்பு என்ன, எல்லை எது?

ஆரியசாலை (திருவனந்தபுரம்): பொது இடத்தில் கூடுவதற்கும் கருத்தை வெளிப்படையாகச் சொல்வதற்கும் குடிமக்களுக்கு உள்ள உரிமை எதுவரை செல்லும், காவல்துறை எந்த நிலையில் தலையிடலாம் என்ற கேள்விகள் திருவனந்தபுரத்தில் அடிக்கடி எழுகின்றன. மாநிலத்தின் ஏறத்தாழ எல்லாப் பெரிய போராட்டங்களும் இந்நகரிலுள்ள தலைமைச் செயலகத்தின் முன்புதான் வந்து நிற்கின்றன. சாலைக் கம்போளத்தின் கடைகள், தலைச்சுமைத் தொழிலாளர்கள், சரக்கு வண்டிகள், பாதசாரிகள் என நெரிசலுக்குக் குறைவில்லாத ஆரியசாலை வட்டாரத்தில், ஒரு தெருமுனைக் கூட்டமும் சிலருக்கு உரிமையாகவும் வேறு சிலருக்கு இடையூறாகவும் தோன்றக்கூடும். தமிழ் பேசும் குடும்பங்களும் வணிகர்களும் நெடுங்காலமாக வாழும் இப்பகுதி மக்களுக்குப் பயன்படும் வகையில், இப்போது நடைமுறையில் உள்ள சட்ட நிலை இங்குத் தொகுத்துத் தரப்படுகிறது.

அரசமைப்புச் சட்டம் சொல்வது என்ன?

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு, குடிமக்கள் அனைவருக்கும் பேச்சு மற்றும் கருத்து வெளிப்பாட்டு உரிமையை அளிக்கிறது. 19(1)(ஆ) பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கு உரிமை அளிக்கிறது. இவ்விரு உரிமைகளும் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை; வெளிநாட்டவர் இவற்றைக் கோர இயலாது.

இரண்டுக்கும் எல்லைகள் உண்டு. பேச்சுரிமைக்கு 19(2) பிரிவின்கீழ் எட்டுக் காரணங்களுக்காக மட்டுமே கட்டுப்பாடு விதிக்கலாம். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவையே அவை. கூட்டம் கூடும் உரிமைக்கு 19(3) பிரிவு இறையாண்மை மற்றும் ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு என இரண்டு காரணங்களையே குறிப்பிடுகிறது.

கட்டுப்பாடு எதுவாயினும் அது சட்டத்தின் வழியாக வர வேண்டும். நியாயமானதாகவும் இருக்க வேண்டும். அதிகாரி ஒருவரின் விருப்பமோ வாய்மொழி உத்தரவோ போதாது. 19(2) பிரிவில் உள்ள காரணங்களைத் தவிர வேறு புதிய காரணங்களைக் கூட்டிப் பேச்சுரிமையைச் சுருக்க முடியாது என்று 2023 ஜனவரி 3-ஆம் தேதி கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

எல்லைகள் உருவான வரலாறு: சென்னை முதல் தில்லி வரை

இந்த எட்டுக் காரணங்களும் தொடக்கத்திலேயே இருந்தவை அல்ல. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதற்கு, 1949-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மாகாண அரசு தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் அப்போது அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. அடுத்த ஆண்டே முதலாவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, வெளிநாட்டு நட்புறவு, குற்றத் தூண்டுதல் ஆகிய காரணங்கள் அதில் சேர்க்கப்பட்டன. கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் இடம்பெற்றது.

தனிநாடு கோரிக்கை தமிழகத்தில் வலுப்பெற்றிருந்த பின்னணியில், 1963-ஆம் ஆண்டின் 16-ஆவது திருத்தம் 'இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்ற காரணத்தைச் சேர்த்தது. திராவிட முன்னேற்றக் கழகம் அக்கோரிக்கையைக் கைவிட்டதும் அதே ஆண்டில்தான்.

திருவனந்தபுரத்தின் பட்டறிவு

அரசமைப்புச் சட்டம் வருவதற்கு முன்பே இந்நகரம் கருத்துரிமை மறுப்பின் விளைவைக் கண்டிருக்கிறது. திருவிதாங்கூர் திவானாக இருந்த பி.ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனை நிர்வாகத்தையும் கடுமையாக விமர்சித்த 'சுதேசாபிமானி' இதழின் அச்சகம், 1910 செப்டம்பர் 26-ஆம் தேதி பறிமுதல் செய்யப்பட்டது. அதன் ஆசிரியர் கே.ராமகிருஷ்ண பிள்ளை கைது செய்யப்பட்டு, சமஸ்தானத்திலிருந்து திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். விசாரணை எதுவும் நடைபெறவில்லை. அவர் மீண்டும் திருவிதாங்கூர் திரும்ப இயலாமலே 1916-இல் கண்ணூரில் காலமானார். இதழின் உரிமையாளரான வக்கம் மௌலவிக்கு அச்சகம் திருப்பித் தரப்படவில்லை.

1938-இல் பொறுப்பாட்சி கோரிய திருவிதாங்கூர் மாநில காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தடையை நீக்கக் கோரி அக்டோபர் 23-ஆம் தேதி அக்கம்மா செறியான் தலைமையில் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கிப் பெரும் ஊர்வலம் சென்றது.

விடுதலைக்குப் பின்னும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. தமிழர் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது; போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். அப்போது பட்டம் தாணு பிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை பொறுப்பில் இருந்தது. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தம் கட்சி முதலமைச்சரே பதவி விலக வேண்டும் என்று கோரினார். குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் அந்நிகழ்வு இன்றும் உள்ளது.

சாலையில் கூட்டம் நடத்தலாமா?

பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை முற்றிலுமாகத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் முறைப்படுத்த அதிகாரம் உண்டு. ஹிம்மத்லால் ஷா எதிர் அகமதாபாத் காவல் ஆணையர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1972-இல் கூறிய நிலைப்பாடு இதுவே. அனுமதி வழங்குவதா மறுப்பதா என்பதை வழிகாட்டு நெறி எதுவுமின்றி அதிகாரியின் விருப்பத்துக்கு விடும் விதி செல்லாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அமைதியான ஆர்ப்பாட்டமும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் 1962-இலேயே ஏற்கப்பட்டுள்ளது. எனினும் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்றும் அதே தீர்ப்பு கூறியது.

கேரளத்தில் இதற்கென்று தனி நிலை உண்டு. ஆலுவாவில் சாலையோரக் கூட்டங்களால் ஏற்படும் இடையூறு தொடர்பான பொதுநல மனுவில், 2010 ஜூன் 23-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் சாலையோரப் பொதுக்கூட்டங்களுக்குத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து, பொதுவழிகளில் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் முறைப்படுத்தும் சட்டத்தை 2011-இல் மாநிலச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. போக்குவரத்தை முழுமையாகத் தடுக்கும் வகையில் பொதுவழியைப் பயன்படுத்தக் கூடாது என்பதே இதன் மையக்கருத்து.

இதை மீறினால் அரசியல் தலைவர்களும் நீதிமன்றத்துக்கு விளக்கம் அளிக்க நேரும். 2024 டிசம்பரில் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்துக்கு அருகே, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் பாளையம் பகுதி மாநாட்டுக்காகச் சாலையில் மேடை அமைக்கப்பட்டது. இதனை எதிர்த்துத் தொடரப்பட்ட நீதிமன்ற அவமதிப்பு மனுவில், கட்சித் தலைவர்களும் காவல்துறை உயர் அதிகாரிகளும் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று.

மறுபுறம், சாலையோரம் தங்கிப் போராடுவோரின் தரப்பும் உண்டு. மாத மதிப்பூதியத்தை 7,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்த்தக் கோரி ஆஷா பணியாளர்கள் 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி தலைமைச் செயலகத்தின் முன்பு தொடங்கிய இரவு பகல் போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. சாலையை மறித்ததாக அவர்கள்மீதும் காவல்துறை வழக்குப் பதிந்தது. குறைந்த வருவாயுள்ள பெண்களுக்கு அரசின் கவனத்தை ஈர்க்க அந்த நடைபாதையைத் தவிர வேறு எந்த இடம் உள்ளது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

இவ்விரு தரப்பையும் எடைபோட்ட உச்ச நீதிமன்றம், போராட்டக்காரர்களின் உரிமையையும் அங்கு வசிப்போரின் உரிமையையும் சமன்செய்ய வேண்டும் என்று 2018-இல் தில்லி ஜந்தர் மந்தர் தொடர்பான வழக்கில் கூறியது. அங்குப் போராட்டங்களுக்கு முழுத்தடை கூடாது எனத் தெரிவித்து, வழிகாட்டு நெறிகளை வகுக்குமாறு ஆணையிட்டது. ஷாஹீன் பாக் தொடர்பான வழக்கில் 2020 அக்டோபர் 7-ஆம் தேதி, பொதுவழிகளைக் காலவரையின்றி ஆக்கிரமித்துப் போராட முடியாது என்றும், உரிய இடங்களில் மட்டுமே நடத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

ஆரியசாலைவாசிகளுக்கு ஊர்வலம் புதிதல்ல. ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் திருமேனிகளின் பவனியில், வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோவிலில்தான் தங்குகிறார். இரு மாநிலக் காவல்துறையினரும் பாதுகாப்பும் மரியாதையும் அளிக்கும் பவனி அது. மரபுவழி விழா ஊர்வலமாயினும் அரசியல் பேரணியாயினும், போக்குவரத்தையும் பொது ஒழுங்கையும் காக்கும் பொறுப்பு காவல்துறைக்கு ஒன்றே. பாரபட்சம் காட்டப்பட்டால், சமத்துவத்தை உறுதிசெய்யும் 14-ஆவது பிரிவின்கீழ் அதைக் கேள்விக்குட்படுத்தலாம்.

பந்த், ஹர்த்தால்: வேறுபாடு என்ன?

'பந்த்' அறிவிப்பது பிறரின் உரிமையைப் பறிப்பதால் சட்டவிரோதம் என்று பரத்குமார் வழக்கில் 1997 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேலைக்குச் செல்லவும் கடை திறக்கவும் விரும்பும் குடிமகனை அச்சுறுத்தித் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் 'பந்த்' என்ற சொல் மறைந்து 'ஹர்த்தால்' என்ற சொல் வழக்கில் வந்தது. கடையடைப்புக்கு ஆளாகும் வணிகர்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் ஏற்படவில்லை.

2019 ஜனவரி 3-ஆம் தேதி சபரிமலை விவகாரத்தில் நடைபெற்ற ஹர்த்தாலைத் தொடர்ந்து, ஜனவரி 7-ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஹர்த்தால் அறிவிப்போர் ஏழு நாள்களுக்கு முன் பொது அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்ட ஹர்த்தாலில் ஏற்பட்ட சேதத்துக்காக, அதை அறிவித்த பாப்புலர் ஃபிரண்ட் ஆஃப் இந்தியா அமைப்பு 5.20 கோடி ரூபாயைச் செலுத்த வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆகவே, கடை திறப்பதும் மூடுவதும் வணிகரின் விருப்பம். ஹர்த்தாலில் பங்கேற்பது எவ்வாறு ஒருவரின் உரிமையோ, பங்கேற்காதிருப்பதும் அவ்வாறே உரிமை. மிரட்டப்பட்டால் காவல்துறையின் பாதுகாப்பைக் கோரலாம்.

தடையாணை எப்போது செல்லும்?

முன்பு '144 தடை' என்று அறியப்பட்ட ஏற்பாடு, 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163-ஆவது பிரிவாக உள்ளது. இதன்கீழ் மாவட்ட நிர்வாகம் கூட்டங்களுக்குத் தடை விதிக்கலாம். இதற்குரிய வரம்புகள் வருமாறு:

- உத்தரவு எழுத்து வடிவில் இருக்க வேண்டும். எந்த உண்மைகளின் அடிப்படையில் பிறப்பிக்கப்படுகிறது என்பதும் குறிப்பிடப்பட வேண்டும்.
- இரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. மாநில அரசு தேவையென்று கருதினால் மேலும் ஆறு மாதங்கள் வரை நீட்டிக்கலாம்.
- பாதிக்கப்பட்டவர், உத்தரவை நீக்கவோ மாற்றவோ கோரி விண்ணப்பிக்கலாம்.

ஜம்மு காஷ்மீர் கட்டுப்பாடுகள் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில், நியாயமான கருத்து வெளிப்பாட்டை ஒடுக்க இத்தடையைப் பயன்படுத்தக் கூடாது என்றும், திரும்பத் திரும்பத் தடையாணை பிறப்பிப்பது அதிகார முறைகேடு ஆகும் என்றும் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. தில்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூனில் உறங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் கலைத்த வழக்கில், கலைந்து செல்லப் போதிய அறிவிப்பும் கால அவகாசமும் தரப்பட வேண்டும் என்று 2012-இல் கூறியது.

'எதிர்த்தரப்பு கலவரம் செய்யும்' என்பதையே காரணமாக்கி ஒருவரின் பேச்சைத் தடுக்க முடியுமா? இட ஒதுக்கீட்டை மையமாகக் கொண்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம் தொடர்பான எஸ்.ரங்கராஜன் வழக்கில் 1989-இல் இதற்கு விடை கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அப்படத்தின் தணிக்கைச் சான்றை ரத்து செய்திருந்தது. எதிர்ப்பாளர்களின் மிரட்டலைக் காட்டிக் கருத்துரிமையை மறுப்பது, சட்டத்தின் ஆட்சியை மிரட்டலுக்கு அடகு வைப்பதாகும் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பேச்சுக்கும் விளையக்கூடிய ஆபத்துக்கும் நெருங்கிய, நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்றும் விளக்கியது.

எந்தப் பேச்சு குற்றமாகும்?

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பேச்சு, கூட்டம் தொடர்பான முக்கியப் பிரிவுகள் பின்வருமாறு:

- 152: நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவித்தல். ஆயுள் சிறை அல்லது ஏழாண்டு வரை சிறை. சட்டபூர்வ வழியில் மாற்றம் கோரி அரசின் நடவடிக்கைகளை விமர்சிப்பது இதில் சேராது. பழைய தேசத்துரோகப் பிரிவான 124ஏ-யின் செயல்பாட்டை 2022 மே 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது.
- 196: மதம், இனம், மொழி, பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் பகைமையைத் தூண்டுதல். மூன்றாண்டு வரை சிறை. வழிபாட்டிடத்தில் நிகழ்ந்தால் ஐந்தாண்டு வரை.
- 299: மத உணர்வைப் புண்படுத்தும் கெட்ட நோக்குடன் செயல்படுதல். மூன்றாண்டு வரை சிறை.
- 353: பொதுமக்களிடையே அச்சத்தையோ பகையையோ உண்டாக்கும் பொய்த் தகவல், வதந்தி பரப்புதல். மூன்றாண்டு வரை சிறை.
- 356: அவதூறு. ஈராண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. உண்மையைப் பொதுநலனுக்காகச் சொல்வது விதிவிலக்காகும்.
- 189: ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் குற்ற நோக்குடன் கூடும் சட்டவிரோதக் கூட்டம். ஆறு மாதம் வரை சிறை. ஐந்து பேர் கூடியிருப்பது மட்டும் குற்றமாகாது. சட்டம் குறிப்பிடும் பொதுநோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும்.
- 223: அரசு அலுவலரின் சட்டபூர்வ உத்தரவை மீறுதல். ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிருக்கு ஆபத்து விளைந்தால் தண்டனை கூடும். உரிய அலுவலரின் எழுத்துப்பூர்வப் புகார் இன்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்க முடியாது.
- 226: அரசு அலுவலரைத் தன் பணியைச் செய்யவோ செய்யாதிருக்கவோ நிர்ப்பந்திக்கும் நோக்கில் தற்கொலைக்கு முயலுதல். ஓராண்டு வரை வெறுங்காவல், அபராதம் அல்லது சமூக சேவை. உண்ணாவிரதப் போராட்டங்களில் பங்கேற்போர் அறிந்திருக்க வேண்டிய பிரிவு இது.

ஒரு கருத்தை விவாதிப்பதும், அதை ஆதரித்து வாதிடுவதும் பாதுகாக்கப்பட்டவை. வன்முறைக்குத் தூண்டுதல் என்ற நிலையை அடையும்போதே தடை பொருந்தும் என்று 2015 மார்ச் 24-ஆம் தேதி ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த அத்தீர்ப்பு, கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் ரத்து செய்தது.

அதன்பின் 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்ற புதிய பிரிவை அவசரச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்தது. எந்த ஊடகத்தின் வழியாகவும் பிறரை இழிவுபடுத்தும் செய்தியைப் பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை என அது கூறியது. பெண்கள்மீதான இணையத் தாக்குதலைத் தடுப்பதே நோக்கம் என்று அரசு விளக்கமளித்தது. எனினும் விமர்சனத்தையே முடக்கிவிடும் என்று கடும் எதிர்ப்பு எழுந்ததால், சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

அண்மையில், 2025 மார்ச் 28-ஆம் தேதி இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காகக் குஜராத் மாநிலம் ஜாம்நகரில் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய பேச்சுக் குற்றச்சாட்டுகளில், வழக்குப் பதிவதற்கு முன் 173(3) பிரிவின்கீழ் முதற்கட்ட விசாரணை நடத்துவது உகந்தது என்றும் கூறியது. எதிலும் ஆபத்தைக் காண்போரின் பார்வையில் அன்றி, திடமனம் கொண்ட நியாயமான மனிதரின் பார்வையிலேயே சொற்களை எடைபோட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் அறிவுரை.

நீதிமன்றத்தை விமர்சிக்கலாமா?

தீர்ப்பை விமர்சிக்கலாம், நீதிபதிமீது உள்நோக்கம் கற்பிப்பது அவமதிப்பாகக் கருதப்படலாம். 1967 நவம்பரில் திருவனந்தபுரத்தில் செய்தியாளர்களைச் சந்தித்த முதலமைச்சர் இ.எம்.எஸ்.நம்பூதிரிபாட், நீதிபதிகள் வர்க்கச் சார்புடையவர்கள் என்ற பொருளில் பேசினார். கேரள உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தை 50 ரூபாயாகக் குறைத்தது. சாலையோரக் கூட்டத் தடையைக் கண்டித்துப் பேசியபோது நீதிபதிகளைத் தரக்குறைவாகக் குறிப்பிட்ட மார்க்சிஸ்ட் தலைவர் எம்.வி.ஜெயராஜனுக்கு 2011-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை நான்கு வாரங்களாகக் குறைத்தது.

பேசாதிருக்கும் உரிமையும் பேச்சுரிமையின் பகுதியே. தேசியகீதம் பாடாமல் மரியாதையுடன் எழுந்து நின்ற கேரளப் பள்ளி மாணவர் மூவரை நீக்கியது செல்லாது என்று 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாட்ஸ்அப் குழுக்களும் பகிர்வுகளும்

குழு உறுப்பினர் ஒருவரின் ஆட்சேபகரமான பதிவுக்குக் குழு நிர்வாகியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் பதிவைப் பகிர்பவரின் நிலை வேறு. நடிகர் எஸ்.வி.சேகர் தொடர்பான வழக்கில் 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம், பிறர் எழுதியதைப் பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும் என்று தெரிவித்தது. 'வந்ததை அனுப்பினேன்' என்ற விளக்கம் தப்புவதற்கு வழியாகாது.

கூட்டம் நடத்த விரும்புவோர் செய்ய வேண்டியவை

1. நாள், நேரம், இடம் அல்லது வழித்தடம், எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை, பொறுப்பாளர் விவரம் ஆகியவற்றுடன் காவல்துறையிடம் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும்.

2. ஒலிபெருக்கிக்குத் தனி எழுத்து அனுமதி தேவை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என வரம்பு உள்ளது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகக் கருதப்படும்.

3. பொதுவழியைத் தடுத்தால் நியாய சன்ஹிதாவின் 285-ஆவது பிரிவின்கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். மைதானம் அல்லது அரங்கத்தைத் தேர்ந்தால் இச்சிக்கல் எழாது.

4. அனுமதி மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதை எதிர்த்து 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கேரள உயர் நீதிமன்றத்துக்குத் திருவனந்தபுரத்தில் கிளை இல்லை. கொச்சியிலேயே மனு தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே கூட்ட நாளுக்குப் பல நாள்கள் முன்னதாகவே விண்ணப்பிப்பது நல்லது.

5. மனுவைத் தமிழிலும் அளிக்கலாம். குறைதீர்க்கக் கோரும் முறையீட்டை, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவு தருகிறது. மேலும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

கைது செய்யப்பட்டால்

கைதுக்கான காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும். விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவை 22-ஆவது பிரிவு உறுதிசெய்யும் பாதுகாப்புகள். உறவினர் ஒருவருக்கும் தகவல் தரப்பட வேண்டும். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும், விதிவிலக்கான சூழல் தவிரப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அத்தகைய சூழலிலும் பெண் காவலரே, நடுவரின் முன்அனுமதி பெற்றுக் கைது செய்ய வேண்டும். ஏழாண்டு வரையிலான தண்டனைக்குரிய குற்றங்களில், கைது அவசியமில்லாதபோது 35(3) பிரிவின்கீழ் முன்னிலையாகுமாறு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருவாய் வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை நேரிலோ, 15100 என்ற தேசிய உதவி எண் வழியாகவோ அணுகலாம்.